குசினி வாசலில் அப்பப்பா

இலையுதிர்கால விடுமுறைக்கு மகனின் இரண்டு பெண் பிள்ளைகளும் சனி, ஞாயிறு என்னோடு நின்றார்கள்.

இன்று மதியம் புட்டும் கோழிக்கறியும் மேசையில் வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றேன். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் இத்தனை வருடம் உணவகத்தில் பரிமாறிய பழக்கம். தண்ணீர் குறைந்தால் ஊற்றினேன். தட்டு காலியானால் எடுத்தேன்.

"அப்பப்பா, நீங்கள் சாப்பிடேல்லையா?" என்று சின்னவள் கேட்டாள்.

"நீங்கள் சாப்பிடுங்கோ பிள்ளை" என்றேன்.

மூத்தவள் தங்கைக்குப் பிரெஞ்சில் விளக்கம் சொன்னாள்: "எல்லாரும் போன பிறகுதான் அவர் சாப்பிடுவார்."

அவளுடைய தட்டையும் எடுத்தேன்.

பின்னேரம் மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். பிறகு சாப்பிட்டேன், நின்றபடியே. மூத்தவள் சொன்னது சரிதான்.

உணவகத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது வீட்டில் நிற்காமல் கதிரையில் இருந்து சாப்பிடுகிறீர்களா? எப்படிப் பழகினீர்கள்?