கண்ணாடி ஓடு

நான் பழனி அடிவாரத்துக்காரி. கொடைக்கானல் மலைமேல் பூம்பாறைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து எனக்கும் குளிருக்கும் சண்டைதான். பள்ளத்தாக்குப் பக்கத்து ஜன்னல்களை யாரையும் திறக்க விடமாட்டேன். திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும். நான் பாடுபட்டு வரைந்து மாட்டிய சார்ட்டுகள் நமுத்துச் சுருண்டுவிடும். சார்ட் இருந்தால்தானே பிள்ளைகள் படிக்கும்? காற்றடித்தால் கரண்ட்டும் போய்விடும். அந்த அரை இருட்டில்தான் ஐந்தாம் வகுப்பு நடந்தது.

கடைசி வரிசையில் ஒரு பெண். நெட்டை என்பதால் அங்கே உட்கார வைத்திருந்தேன். கணக்கில் பத்துக்கு இரண்டு வாங்கினாலே பெரிது. பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குவாள். இங்கே வீடுகளில் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டுவார்கள். அந்தப் புகைதான் கண்ணை எரிக்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மெல்லக் கற்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

அவளை ஆறாம் வகுப்புக்குக் கொடைக்கானல் ஹாஸ்டலில் சேர்க்கலாமா என்று கேட்க அவள் அப்பா வந்தார். பூண்டு வயலில் கூலி வேலை செய்பவர். அன்றைக்கு எனக்கு என்ன எரிச்சலோ, பட்டென்று சொல்லிவிட்டேன்.

"படிப்பு ஏறலைங்க. வீணா எதுக்கு அலையுறீங்க?"

"டீச்சரே சொல்லிட்டீங்க. அப்பச் சரி, அஞ்சு முடிச்சதும் அவ அம்மாகூட பூண்டுச் சோலிக்கே போகட்டும்" என்றார்.

அடுத்த வாரம் காற்றில் பள்ளிக்கூடத்து ஓடுகள் பறந்தன. சரிசெய்ய அவரேதான் வெள்ளனே வந்து கூரையில் ஏறினார்.

"ஒரு ஓடு கொறையுது டீச்சர். இடிச்ச காட்டேஜ்ல எடுத்த கண்ணாடி ஓடு ஒண்ணு வீட்ல சும்மா கெடக்கு. போட்டுரவா?"

"எதையாவது போடுங்க, ஒழுகாம இருந்தாச் சரி" என்றேன்.

அவர் போட்ட இடம் கரும்பலகைக்கு நேர் மேலே. பலகையில் வெளிச்சம் விழுந்தது. அன்று பத்துக் கணக்கு கொடுத்தேன். அவளுக்குப் பத்தும் சரி. பார்த்து எழுதியிருப்பாள் என்று தனியே உட்கார வைத்து, பலகையில் இன்னும் ஐந்து எழுதினேன். அதுவும் சரி.

அவளுடைய பழைய நோட்டை எடுத்து என் பாடக்குறிப்போடு வைத்துப் பார்த்தேன். நான் பலகையில் எழுதியது முப்பத்தாறு. அவள் நோட்டில் முப்பத்தெட்டு. அதை எட்டால் பெருக்கி முந்நூற்று நான்கு என்று போட்டிருந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆறு எட்டாகியிருந்தது, சில இடங்களில் மூன்றும் எட்டாகியிருந்தது. ஆனால் அவள் எழுதிக்கொண்ட எண்களுக்கு எல்லா விடையும் சரி. ஒன்றுகூடப் பிசகவில்லை. விடையை மட்டும் பார்த்துத் தப்புப் போட்டே பழகிய என் கண்ணில் இது பட்டதே இல்லை. ஒரு வருஷமாக யாரும் கொடுக்காத கணக்குகளை இந்தப் பிள்ளை சரியாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பலகை தெரியலைன்னு ஏம்மா சொல்லல?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியும்னு நெனச்சேன் டீச்சர்."

முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்தேன். சார்ட் சுருண்டால் சுருளட்டும். சாயங்காலம் அந்த நோட்டோடு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளே ஒவ்வொரு கணக்காக விரல் வைத்து விளக்கினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கி, சிவப்பு மைக் குறிகளை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இந்தத் தப்பெல்லாம் யாருது டீச்சர்?"

"என்னோடதுங்க" என்றேன். "பிள்ளைய ஹாஸ்டலுக்கு அனுப்புங்க."