ஜெயசித்ராவின் குரலும் மயில்களும்

ஜெயசித்ரா குரலுக்குப் பேர்போனவள். மேலநீலிதநல்லூர்க் காட்டில் அவள் சத்தம் போட்டால், நாலு புஞ்சை தள்ளி மேய்கிற ஆடும் திரும்பிப் பார்க்கும். மக்காச்சோளத்தில் இறங்கும் மயில்களை விரட்டி விரட்டியே தொண்டை கட்டிப்போனது. சங்கரன்கோவிலில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி, "ஏய்... போ அங்கன!" என்று தன் குரலையே பதிந்து கம்பில் கட்டினாள். ஒரு வாரம் மயிலையே காணோம். மறுவாரம் ஸ்பீக்கர் மேலேயே ஒன்று ஏறி உட்கார்ந்தது.

"இதுகளுக்கு அப்படி என்னதான் வெளங்கிட்டு?"

பார்த்துவிடுவோமே என்று, சோளமே இல்லாத தரிசில் கொண்டுபோய் ஸ்பீக்கரைப் போட்டாள். அத்தனை மயிலும் அங்கே வந்து தரையைக் கொத்தின. சத்தம் கேட்கிற இடத்தில் தீனி இருக்கும் என்று பழகியிருந்தன.

ஆத்திரத்தில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து அவளே கத்தினாள்: "ஏய்... போ அங்கன!"

மயில்களெல்லாம் அவள் காலடிக்கு ஓடி வந்தன.