ராகு காலத்துக்கு முன் மாட்டிய ஸ்டியரிங்

என் கணவர் புதுச்சேரியில் வாடகைக் கார் ஓட்டிவந்தார். ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார். எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். எண்பத்திரண்டில் அதன் ஸ்டியரிங் வெயிலில் விரிசல் விட்டுவிட, வேறொன்றைத் தேடிப் பிடித்து மாட்டக் கொடுத்தோம்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். பூஜைத் தட்டோடு நானும் பட்டறைக்குப் போயிருந்தேன்.

“நட்டை இன்னும் இறுக்கணும். அந்த சைஸ் ஸ்பானர் பக்கத்துப் பட்டறையில இருக்குது, வாங்கியாறேன்” என்றார் மெக்கானிக்.

“கையால முறுக்கினது போதும்ண்ணே. ராகு காலத்துக்கு முன்னாடி ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்” என்று என் கணவர் நட்டின்மேல் ஹாரன் மூடியை அழுத்தினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட்டோம்.

கடற்கரையோரம் வைத்திக்குப்பம் திருப்பத்தில் ஸ்டியரிங் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. திரும்பச் செருகுவதற்குள் கார் மணலில் இறங்கி, வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரை உரசியபடி பாறாங்கல்லில் மோதி நின்றது.

“அறிவிருக்குதாய்யா? புள்ளைங்க விளையாடுற இடம்யா இது!” என்று வலைக்காரர் கத்தினார். என் கணவர் ஸ்டியரிங்கை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

முன் அச்சு முறிந்திருந்தது. மாற்று அச்சு எங்கும் கிடைக்காமல் காரைப் பழைய இரும்புக்குப் போட்டோம். வேறு கார் ஓட்டக் கூப்பிட்டவர்களிடம், இனி ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதன்பின் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார்.

கல்யாணம், காரியத்துக்கு எந்தக் காரில் ஏறினாலும் ஸ்டியரிங்கை இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். டிரைவர்கள் சிரிக்கிறார்கள். பின்சீட்டில் இருக்கும் என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.