தங்கை கொடுக்க வந்த சிறுநீரகம்: பாகூரிலிருந்து சென்னைக்கு

என் தம்பி சேகருக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ். திங்கள், புதன், சனி. போன கார்த்திகையில், இடையில் கிடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை, ரோபோ மூலம் சிறுநீரக மாற்று அறுவை செய்யும் சென்னை மருத்துவமனைக்குப் போனோம். நான், சேகர், சிறுநீரகம் கொடுக்க முன்வந்த வளர்மதி. அவள் எனக்குத் தங்கை, சேகருக்கு அக்கா. இதே காரியமாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பாகூரில் காலை 5.10க்கு டவுன் பஸ். புதுச்சேரி பேருந்து நிலையத்துக்கு முக்கால் மணி நேரம், ஆளுக்கு 20 ரூபாய். வளர்மதி புகுந்த ஊரான ஒதியம்பட்டிலிருந்து நேரே அங்கு வந்துவிட்டாள். 6.15க்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைப் பேருந்து. ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், டிக்கெட் 180. டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர் அளவாகத்தான். அரை லிட்டர் பாட்டில் ஒன்று போதும்.

மரக்காணம் தாண்டியதும் வளர்மதி ஆரம்பித்தாள். “டேய், என் கிட்னிய வாங்கிக்கினு மாத்திரை போடாம சுத்துன, திருப்பி வாங்கிக்குவேன்.”

“உன் கிட்னி உள்ளார வந்தா நானும் வாய் ஓயாம பேசுவேன்க்கா. அதான் பயமா கீது” என்றான் சேகர்.

நான் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் முன்பே அவள் கொடுக்க வந்தாள். உள்ளூரில் பார்த்ததில் ரத்த வகை பொருந்தியது, சர்க்கரையும் இல்லை. நான்தான் தடுத்தேன். “பெரிய வெட்டுக் காயம், களை எடுக்கக்கூட உன்னால் குனிய முடியாது” என்றேன். அது சாக்கு. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோய் வைக்கிற வீட்டிலிருந்து கை நீட்டி வாங்குவதா என்பதுதான் உள்ளே இருந்தது. ரோபோ என்றால் சிறு துளைகள்தானாம் என்று, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு அவளே வந்து சொன்னபோது, என் சாக்கு தீர்ந்தது.

10.20க்கு மருத்துவமனை. மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். ரோபோ தானாக எதுவும் செய்யாது. அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்து விரலை அசைப்பார். உள்ளே மெல்லிய கைகள் அசையும். நான் பள்ளி ஆசிரியர்; கரும்பலகையில் நான் ஒரு முழக் கோடு போட, மாணவன் நோட்டில் அது ஓர் அங்குலமாக, என் கை நடுக்கம் இல்லாமல் விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படி. கொடுப்பவருக்குச் சில துளைகள், சிறுநீரகத்தை வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு சிறு வெட்டு.

“அப்ப டிரைவர் நீங்கதானா?” என்றாள் வளர்மதி. மருத்துவர் சிரித்துவிட்டார்.

பிறகு அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மிக அதிகம். பழைய சீட்டையும் வாங்கிப் பார்த்தார் மருத்துவர். “அப்போ நல்லா இருந்திருக்கு. இப்போ இவங்ககிட்ட எடுக்க முடியாதுங்க சார். இருக்கிற ரெண்டும் இவங்களுக்கே வேணும்” என்றார்.

வராந்தாவில் சேகர்தான் அவளைத் தேற்றினான். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அன்னிக்கே வாங்கிக்கினு இருக்கலாம் இல்லண்ணே? கூடப் பொறந்தவகிட்ட வாங்குனா இன்னா கொறஞ்சுடும்?”

சேகர் மனைவிக்கு ரத்த வகை சேராது. எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டு 4.30 பேருந்தில் திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: சாப்பிடாமல் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை எது என்று முன்பே கேளுங்கள். உறவை நிரூபிக்கும் சான்றுகளின் அசல் வேண்டும். டயாலிசிஸுக்கு மறுநாள் போவது நல்லது. ரோபோ முறை எல்லோருக்கும் பொருந்தும் என்றில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முக்கியமாக, வீட்டில் ஒருவர் மனமாரக் கொடுக்கிறேன் என்றால், அந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். முறை பார்த்து உட்காராதீர்கள். உடம்பு நமக்காகக் காத்திருக்காது.

இவ்வளவு எழுதிவிட்டேன். வளர்மதி கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.