பச்சையா சாம்பலா

பம்புத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ஸ்டெதஸ்கோப் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுகிற பம்பின் உடம்பில் நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைத் தன் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, உள்ளே பேரிங் நன்றாக இருக்கிறதா நொந்துபோயிருக்கிறதா என்று சொல்வது அவர் வேலை. அவர் சரியென்று தலையாட்டி அனுப்பிய பம்பு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் காது மந்தம் என்று யாராவது போய்ச் சொன்னால் பம்புகளைச் சோதிக்கும் அந்த ஷெட்டே சிரிக்கும். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவர் இரண்டு வருஷமாக வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

முழுச் செவிடு இல்லை. லாரி, இடி, இஞ்சின், ஃபோர்மேனின் வசவு எல்லாம் பிரமாதமாகக் கேட்டன. மெல்லிய குரல்கள்தான் கையை விரித்துவிட்டன, அதுவும் இடது பக்கமாக வந்தால் சுத்தம். டெஸ்டிங் ஷெட்டின் இரைச்சலுக்குள் பாதி ஆயுளைக் கழித்ததற்குக் கிடைத்த வெகுமதி அது. எலும்பு வழியாக வருகிற பேரிங் சத்தம் மட்டும் இன்னும் அவரைக் கைவிடவில்லை. ஆனால் காது போனது தெரிந்தால் முதலில் கையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரைப் பிடுங்குவார்கள் என்று அவருக்குப் பயம். அதற்கப்புறம் அந்த ஷெட்டில் அவர் யார்?

அதனால் வித்தைகள் கற்றுக்கொண்டார். டீக்கடையில் சுவரை ஒட்டி, இடது காது சுவர்ப்பக்கம் போகும்படி உட்கார்ந்தார். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டார். யாராவது கூப்பிட்டு அவர் திரும்பாவிட்டால், ஏதோ யோசனையில் இருந்ததாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு 'ம்' வைத்திருந்தார். அதைக் கொஞ்சம் இழுத்தால் ஆச்சரியம், தலையாட்டிச் சொன்னால் சம்மதம், கூடவே 'பாக்கலாம்' சேர்த்தால் எந்தக் கேள்விக்கும் பதில். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு மனிதர் குடும்பமே நடத்தினார் என்றால் நம்புவீர்களா? நடத்தினார்.

இந்த நேரம் பார்த்து அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் படுத்துவிட்டது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு மேல இதத் தொல்லை பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டார். புதிது வாங்கியே தீரவேண்டும். அவருக்குப் பிடித்தது அந்தக் காலத்து அச்சில் செய்த வண்டிகள்தான். வட்ட ஹெட்லைட், கம்பி ஸ்போக்ஸ், பிளாஸ்டிக் போர்வை எதுவும் இல்லாமல் இஞ்சின் முழுசாக வெளியே தெரியவேண்டும். அப்படி இரண்டு வண்டிகள் கடைத்தெரு ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று கரும்பச்சை, ஒற்றை சிலிண்டர், உதைத்தால் தடதடவென்று முழங்காலுக்கு ஏறும். இன்னொன்று சாம்பல் நிறம், இரட்டை சிலிண்டர், ஓடுவதே தெரியாது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டில் பச்சைக்கு அவர் ஒருவர், சாம்பலுக்கு மனைவியும் அவள் தம்பியுமாக இருவர். அந்தத் தம்பி டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், வண்டி விஷயத்தில் தன் பேச்சுக்கு மறுபேச்சு இருக்கக் கூடாது என்று நினைப்பவன்.

"மாமா, பச்சை வண்டி நாலு தெரு தள்ளி வரப்பவே ஊரைக் கூட்டும். இந்த வயசுல உங்களுக்கு என்ன ஹீரோ வேஷம்? சாம்பல்ல ஏறுங்க, வெண்ணெய் மாதிரி போகும்."

"எனக்கு வெண்ணெய் வேணாம். வண்டின்னா வண்டி மாதிரி இருக்கணும்."

ஒற்றைக் காலில் நின்றார். உண்மை என்னவென்றால் பச்சை வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அவருக்குத் தெரியும், எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதைத் தொடையே சொல்லிவிடும். சாம்பலில் அவர் அநாதை. இதை யாரிடம் சொல்வது? மென்று முழுங்கினார்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். தினமும் காலையில் அவர்தான் கொண்டுபோய் விடுவார். அவளுக்கு ஒரு பழக்கம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சமாசாரங்களை முதுகைப் பார்த்துச் சொல்வாள். பின்சீட்டில் ஏறி, அவர் இடது தோளில் கையை வைத்தாளானால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில், மகன் வயிற்றில் உண்டானதைக்கூட அப்படித்தான் சொன்னாள். அன்றைக்கு அவர் நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டதும், பின்னால் வந்த பஸ்காரன் திட்டித் தீர்த்ததும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மகன் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறான்.

பழைய வண்டி படுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அதை மாற்றும் பேச்சு வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தபோது, பாலத்தில் போகும்போது அவள் கை தோளில் வந்து உட்கார்ந்தது. காற்று, லாரிகள், ஓட்டை சைலன்சர். அவள் வெகுநேரம் பேசினாள் என்பது கழுத்தில் பட்ட மூச்சிலிருந்து தெரிந்தது. அவர் பாதி வழியில் ஒரு 'ம்' போட்டார். அவள் நிறுத்தியதும், "ம், பாக்கலாம்" என்றார். கை எழுந்து போய்விட்டது.

போனது போனதுதான். அன்றிலிருந்து அவள் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டி படுத்த பிறகு பஸ்ஸிலும் அப்படித்தான், ஒரே சீட்டில் நடுவே ஒரு பை. வீட்டில் கேட்டதற்குப் பதில் வந்தது, கேட்காததற்கு எதுவும் வரவில்லை. முதல் இரண்டு நாள் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, 'ம்' போடும் வேலை மிச்சம். அப்புறம் யோசனை பிடித்துக்கொண்டது. என்ன கேட்டாள்? நான் எதற்குத் தலையாட்டினேன்? திரும்பக் கேட்டால் அன்றைக்குக் கேட்கவில்லையா என்பாள், அத்தோடு குட்டு உடைந்துவிடும். ராத்திரி அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்திருக்க, இவர் கூரையைப் பார்த்தபடி அந்தப் பாலத்தில் போய் வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் தானே ஒரு முடிவுக்கு வந்தார். வண்டிதான் காரணம். பச்சை வேண்டாம், பயமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாள், இவர் பாக்கலாம் என்றிருப்பார். ஆனாலும் பச்சையை விட மனசில்லாமல், அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஷோரூமுக்குப் போய், பச்சை மேல் உட்கார்ந்து ஆசை தீர ஆக்சிலரேட்டர் திருகிவிட்டு வந்தார். அதைச் சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! அவள் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் சோர்ந்து படுத்திருந்தாள். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சரி, சாம்பலை வாங்கித் தொலைத்தால் கை தோளுக்குத் திரும்பும். ஆனால் சாம்பலை எப்படி ஓட்டுவது? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு ஷோரூம் போனார். அவள் வர மாட்டேன் என்று சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டாள். அங்கே விற்பனைக்கு நின்ற பெண்ணுக்குக் குருவிக் குரல். அவள் என்னென்னவோ விளக்க, இவர் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினார். கடை வாசலில் முதலில் பச்சை. தடதடவென்று கிளம்பியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் சாம்பல். அந்தப் பெண் அதைக் கிளப்பி, "உக்காந்து பாருங்க சார்" என்று கையைக் காட்டினாள்.

உட்கார்ந்தார். ஒன்றுமே தெரியவில்லை. தெருவில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்ற, அவசரமாக ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினார். ஓடிக்கொண்டிருந்த இஞ்சினில் பல்லும் பல்லும் மோதிக் கரகரவென்று கதறியது. அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

"சார், சார்! வண்டி ஓடிட்டுத்தான் இருக்கு!"

"ஆமா, ஆமா. பழைய வண்டி ஞாபகம்" என்று அசடு வழியச் சிரித்தார். சாவியைத் திருப்பி அணைத்தார். பின்னால் மனைவி வந்து நிற்பது வண்டியின் வட்டக் கண்ணாடியில் தெரிந்தது. பின்சீட்டில் இருப்பது போலவே அவர் இடது தோளுக்கு அருகில் நின்றாள். கண்ணாடியில் அவள் உதடுகள் அசைந்தன. ஒரு சத்தமும் வரவில்லை.

"ம்" என்றார்.

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் என்ன சொன்னேன்?"

"அதான்... இந்த வண்டி நல்லாருக்குன்னு."

"உங்க தலைல பல்லி உக்காந்திருக்குன்னு சொன்னேன்."

அவர் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது. அவள் சிரிக்கவில்லை. முகத்தில் இரத்தம் வற்றிப்போய், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அன்னைக்குப் பாலத்துல சொன்னது?"

திருதிருவென்று விழித்தார். இனிமேல் எந்த 'ம்' போட்டாலும் செல்லாது.

"மார்ல கட்டி மாதிரி இருக்குன்னு சொன்னேங்க. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரில ஊசி போட்டு எடுத்துப் பாக்கணுமாம், தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வரீங்களான்னு கேட்டேன். நீங்க பாக்கலாம்னீங்க."

அதை நேருக்கு நேராகச் சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வெள்ளிக்கிழமை. இதே வாசலில், இதோ இந்தப் பச்சை மேல். ஹேண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தன் காதைப் பற்றி இத்தனை நாள் பயந்தாரே, அந்தப் பயமெல்லாம் எவ்வளவு அற்பம் என்று பட்டது.

"ஆஸ்பத்திரில... என்ன சொன்னாங்க?"

கடை ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அவளுக்குக் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொன்னாள். உதடும் தெரியவில்லை, குரலும் எட்டவில்லை. அவள் சொல்லி முடித்துவிட்டாள், உலகத்திலேயே அவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் அவருக்கு அரை முழத்தில் காற்றோடு போய்விட்டது.

"எனக்குக் கேக்கல!" என்று கத்தினார். "எனக்குக் காது கேக்கலம்மா! சத்தமா சொல்லு!"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். அவளும் கூச்சத்தை விட்டாள்.

"ஒண்ணும் இல்லையாம்! வெறும் கொழுப்புக் கட்டியாம்! பயப்பட வேணாமாம்!"

குருவிக் குரல் பெண் கைதட்டிவிட்டு, பிறகு தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஸ்டெதஸ்கோப் சாம்பல் வண்டியின் டாங்கில் கவிழ்ந்து அழுதார். அவளும் அழுதாள், நடுவில் சிரிப்பும் வந்தது அவளுக்கு.

"செவிடுதானா நீங்க! கல்நெஞ்சுன்னுல்ல நெனச்சுட்டேன்! எத்தன நாளா இப்படி?"

சொன்னார். ஷெட், ஸ்க்ரூட்ரைவர், வேலை, எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் கோபம் திரும்பி வந்தது, ஆனால் அது வேறு கோபம்.

"தெனம் நூறு பேருக்குக் கண்ணாடி மாட்டி விடுறேன். கண்ணுக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டா ஊர்ல யாரும் சிரிக்கறதில்ல, காதுக்கு மாட்டினா மட்டும் உங்க மானம் போயிடுமா? நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம். நான் கூட வர்றேன். எனக்கு யாரும் வரலைன்னாலும்."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது.

"சார், அப்ப எந்த வண்டி?" என்று கேட்டாள் அந்தப் பெண், கொஞ்சம் சத்தமாக.

அவர் பச்சையைப் பார்த்தார். பிறகு சாம்பலின் டயலைப் பார்த்தார். அதில் இஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் ஒன்று இருந்தது. இத்தனை நேரம் அதைக் கவனிக்கவே இல்லை.

"சத்தமில்லாத இதையே போடுங்க. இஞ்சின் என்ன பண்ணுதுன்னு முள்ளப் பாத்துக்கலாம். இவளுக்கு முள்ளு கிடையாது."

காது மிஷினுக்கு அளவெடுத்தாயிற்று, வருவதற்குச் சில நாள் ஆகும் என்றார்கள். தொழிற்சாலையில் அவரே போய்ச் சொன்னார். ஃபோர்மேன் இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை, ஸ்க்ரூட்ரைவர் இப்போதைக்கு அவர் கையில்தான் இருக்கிறது. பயமும் போகவில்லை. சாம்பல் வீட்டுக்கு வந்துவிட்டது. கணவன் மனைவிக்குள் ஒரு ஏற்பாடு, தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் அவர் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

முதல் நாள் காலை, பாலத்தின் நடுவில், தோளில் கை வந்து உட்கார்ந்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு தட்டு. ஓரம் கட்டினார், இஞ்சினை அணைத்தார், முள் இறங்கிவிட்டதா என்று பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார், உடம்பு முழுக்கத் திரும்பி வலது காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான். அது கேட்டது. அவர் ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினார். பாலம் முடிவதற்குள் அவள் மறுபடியும் இரண்டு தட்டுத் தட்டினாள். நிறுத்தினார்.