நான் சிவப்பில் வரைந்த மேடு

சுனாமி வந்து இரண்டு வருஷம் இருக்கும். சிதம்பரத்தைச் சுற்றி நகரம் எப்படி வளர வேண்டும் என்று பொதுமக்களும் யோசனை சொல்லலாம் என்றது அரசு. நாங்கள் ஆறு பேர் கிளம்பினோம். ஓவிய ஆசிரியர் என்பதால் வரைபடம் என் பொறுப்பு. குமராட்சிப் பக்கம் ஊர் ஊராக நடந்து, வெள்ளம் எதுவரை ஏறும் என்று விசாரித்தோம்.

மாடு மேய்க்கும் அஞ்சலை, வெளியூர்க்காரர் ஒருவரின் தரிசு மேட்டைக் காட்டினார். "எவ்ளோ தண்ணி வந்தாலும் இங்க ஏறாது சார். மாட்டயெல்லாம் இங்கதான் ஓட்டியாந்துருவோம்."

வெள்ளத்தில் மாடுகள் ஒதுங்கும் இடமாயிற்றே என்று அதைச் சிவப்பில் தீட்டி, 'இங்கே கட்டடம் கூடாது' என்று எழுதினேன். படத்தைப் பார்வைக்கு வைத்தபோது ஒருவர் நகல் கேட்டார். ஊர்மேல் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போய், நானே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் யோசனைக்குப் பதிலே வரவில்லை. மறுவருஷம் வெள்ளத்தின்போது போனேன். மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி, உள்ளே பிளாட் கற்கள். 'வெள்ளம் ஏறாத மனைகள்' என்ற பலகையில் என் படம் பெரிதாக இருந்தது. கட்டடம் கூடாது என்ற வரி மட்டும் இல்லை. வேலிக்கு வெளியே மாடுகள் வயிற்றளவு தண்ணீரில் நின்றன.

அஞ்சலை என்னைத் திட்டவில்லை. "நீங்க படம் போடாம இருந்தா, இந்த மேடு எங்களுக்கு மட்டுந்தான சார் தெரிஞ்சிருக்கும்?" என்றார். குடையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

ஊருக்கு உழைத்தவர் என்று என்னை இன்றும் சிலர் அறிமுகப்படுத்துகிறார்கள். நான் மறுத்ததே இல்லை.