ஏழு பேருக்கு ஒரு வேன்

மஞ்சள்காமாலையில் அண்ணன் இறந்த பிறகு, மதினியும் அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் விளாங்குடியில் எங்களோடு வந்து இருந்தார்கள். அம்மா, நான், என் மனைவி, எங்கள் மகன் என எல்லோருமாக வீட்டில் ஏழு பேர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைவீதி என்று தினமும் அலைவதற்கு என் ஸ்கூட்டர் போதவில்லை.

திருப்பரங்குன்றத்தில் ஒரு பழைய வேன் விலைக்கு வந்திருந்தது. எல்லோரும் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம்.

“ஏறி உக்காந்து பாருங்கண்ணே. ஏழு பேரு தாராளமாப் போகலாம்” என்றார் விற்பவர்.

ஏறி உட்கார்ந்தோம். சரியாக இருந்தது. அண்ணனின் சின்ன மகள் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“சித்தப்பா, அப்பா இருந்திருந்தா இதுல இடம் பத்தாதுல்ல?”

வேறு வண்டி பார்க்கலாம் என்று இறங்கப்போனேன். மதினி விடவில்லை.

“இதையே எடுங்க தம்பி. எந்த வண்டியில ஏறுனாலும் அவ இதைத்தான் கேப்பா.”

அன்றே பேசி முடித்து, அந்த வேனிலேயே வீடு திரும்பினோம். பழங்காநத்தத்தில் நெரிசலில் நின்றபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை நகர்த்தினேன்.